காட்டைப் படிக்கவும் ஒரு டிகிரி

(மறையூர் தொடர்கல்வி மையத்தில் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நல்ல மார்க். "பிள்ளை காட்டு மிருகங்களைப் பற்றிப் படிக்கணும் என்கிறாள். அவள் அப்பா பி.பி.ஏ. படி, கணக்கு வழக்குத் தெரியும் என்கிறார். எது நல்லது?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்தார். "காட்டுக்குள்ளேதானே பிறந்தோம். காட்டைப் படிக்க டிகிரி வேணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் பிளஸ் டூ வரைதான் படித்தேன். விசாரித்தும் வாசித்தும் தெரிந்துகொண்டதை இன்று சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆளின் கதை. பெயர் சாலிம் அலி. பம்பாய்க்காரர். 1896-ல் பிறந்தார். சிறு வயதில் தொண்டையில் மஞ்சள் நிறம் உள்ள ஒரு குருவியைச் சுட்டார். அது என்ன குருவி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போனவர், ஆயுள் முழுவதும் பறவைகளோடேயே இருந்துவிட்டார்.

ஆனால் கல்லூரிப் படிப்பு அவருக்குச் சரியாக வரவில்லை. பாதியில் விட்டார். பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைப் பார்த்தார். 1917-ல் பம்பாய்க்குத் திரும்பினார். அப்போது என்ன படித்தார் தெரியுமா? காலையில் ஒரு கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கும். அது முடிந்ததும் இன்னொரு கல்லூரியில் விலங்கியல். இந்த அக்கா வீட்டுச் சண்டை, அந்த ஒரு மனிதருக்குள்ளேயே நடந்திருக்கிறது!

இரண்டையும் படித்தும் பல்கலைக்கழகப் பட்டம் அவர் கையில் இல்லை. அதனால் அரசு விலங்கியல் துறையில் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை. பட்டம் வெறும் காகிதம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் அவ்வளவு பெரிய ஆளே கதவுக்கு வெளியே நின்றார்.

பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "எனக்குச் சம்பளம் வேண்டாம். செலவை மட்டும் கொடுங்கள். உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன்" என்று சமஸ்தானங்களிடம் கேட்டார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒத்துக்கொண்டன. 1933-ல் அவர் எங்கே வந்தார்? நம் மறையூருக்குத்தான் வந்தார். மூணாறு, தட்டேக்காடு, பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளம் எல்லாம் போனார். கூடாரம், ஆள் கூலி, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதாமல் அந்த வேலை நடந்திருக்குமா? காலை வகுப்பில் படித்த கணக்கு வீண் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவர் பெயரில் 1990-ல் ஆனைகட்டியில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. அட்டப்பாடியை ஒட்டிய கோவை எல்லை அது. 2023-ல் அதை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு சேர்த்தார்கள். அங்கே நடப்பது ஆராய்ச்சி. பிளஸ் டூ முடித்த பிள்ளை நேரே அங்கே போக முடியாது. முதலில் ஒரு பட்டம் வேண்டும்.

அந்தப் பட்டத்துக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோடு வனவிலங்கு உயிரியல் துறை இருக்கிறது. திருச்சூர் பக்கம் வெள்ளானிக்கரையிலும், தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலும் வனக் கல்லூரிகள் உண்டு. சாதாரண பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு, மேல்படிப்பில் வனவிலங்குக்குப் போகிறவர்களும் உண்டு.

இதில் என்ன படிப்பார்கள்? மிருகத்தின் பெயரை மனப்பாடம் செய்வது மட்டும் இல்லை. எத்தனை இருக்கிறது, எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கண்டுபிடிக்கும் முறையைப் படிப்பார்கள். யானையை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? சாணக் குவியலை எண்ணியும் கணக்கிடுவார்கள். புலியின் கோடுகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. காட்டில் கேமரா கட்டிவைத்து, கோட்டைப் பார்த்து எண்ணுவார்கள்.

அரிக்கொம்பன் நினைவிருக்கிறதா? ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற சின்னக்கானல் யானை. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். அது தமிழ்நாட்டுக்குள் இறங்கியது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். பட்டை சொல்வதை வைத்து, யானை அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லப் படிப்பு வேண்டும். யானைக்குப் பயந்து இருட்டில் வேலைக்குப் போகிற நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. நம் பிள்ளை ஒருத்தி அந்த வேலையில் இருந்தால், யானை வரும் வழியையும் சொல்வாள், நம் தோட்டத்து நஷ்டத்தையும் சேர்த்து எழுதுவாள். வெளியூர் ஆள் எழுதுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காதா?

இப்போது அப்பா சொன்ன பி.பி.ஏ. அது வியாபார நிர்வாகப் படிப்பு. கணக்கு, சந்தை, சட்டம், ஆட்களை நடத்தும் விதம் எல்லாம் வரும். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்கக் கூடாது என்பது அதன் பொருள். ஆனாலும் விற்கிறார்கள். அந்தக் குறியீட்டை வைத்து நல்ல விலை கேட்கத் தெரிந்த ஆள் நம்மிடம் எத்தனை பேர்? கரும்பு வெட்டுக்கூலி, விறகு, கொப்பரை வாடகை போக என்ன மிச்சம் என்று எழுதிப் பார்க்கிற வீடு எத்தனை?

வேலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வனவிலங்கு படித்தவர்களுக்கு நிரந்தர வேலை குறைவு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்கிற இடங்கள் நிறைய. பி.பி.ஏ.வுக்குக் கடை, வங்கி, கம்பெனி என்று பல வாசல் உண்டு. ஆனால் போட்டியும் அதிகம். இந்திய வனப்பணித் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வனவியல், விவசாயம் மாதிரி அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ வேண்டும். பி.பி.ஏ. மட்டும் போதாது.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்றைக்கே டிகிரியை முடிவு செய்ய வேண்டாம். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்பதுதான் இன்றைய கேள்வி. உயிரியல் உள்ள அறிவியல் குரூப் எடுத்தால் பின்னால் பி.பி.ஏ.வுக்கும் போகலாம். காமர்ஸ் எடுத்தால் வனவிலங்குப் படிப்பின் கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஆனால் அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் வரும். தமிழில் படித்த பிள்ளை முதல் ஆறு மாதம் திண்டாடும். நானும் திண்டாடினேன். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அழுதுகொண்டு வந்தால் திட்டாதீர்கள்.

இன்னொன்று. கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பை நாலு வருடமாகவும் படிக்கலாம். மூன்று வருடத்தில் நிறுத்தினாலும் பட்டம் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைத் திட்டமிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை பிளஸ் ஒன் விண்ணப்பத்தின் நகல் ஒன்று கொண்டு வருகிறேன். எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். அக்கா, மகளையும் அழைத்து வாருங்கள். அவள் அப்பாவையும்தான். சிரித்த அண்ணனும் வரட்டும். மார்க் லிஸ்ட்டை மறக்காதீர்கள்.