தண்ணிக்கு வழி விடணும்

போன எபிசோட்ல வீக்கெண்டை எப்படிக் கழிக்கிறோம்னு பேசிட்டிருந்தப்போ, "நான் லீவு போட்டு மண் வெட்டப் போனேன்"னு சும்மா ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சரி, இன்னைக்கு அந்தக் கதைதான்.

நான் இருக்கிறது டெக்சஸ் மாநிலத்துல, டாலஸ்ல. அங்கிருந்து வடமேற்கே ஆறு மணி நேரம் கார் ஓட்டினா பாலோ டூரோ கேன்யன் வரும். அமெரிக்காவுல கிராண்ட் கேன்யனுக்கு அடுத்த பெரிய பள்ளத்தாக்குன்னு இதைத்தான் சொல்றாங்க. நீளம் சுமார் 190 கிலோமீட்டர். வழி முழுக்கத் தட்டையான சமவெளி. திடீர்னு தரை பிளந்து, கீழே செக்கச்செவேல்னு ஒரு உலகம் தெரியும். சிவப்புக் களிமண் பாறை, நடுநடுவே வெள்ளைக் கோடா ஜிப்சம். 1934-ல இதைப் பூங்காவாத் திறந்தாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஃப்ரெண்ட்ஸோட ஒரு தடவை அங்கே போயிருந்தேன். லைட்ஹவுஸ்னு ஒரு பாறைத் தூண் இருக்கு. போக வர பத்து கிலோமீட்டர் கிட்ட நடக்கணும். திரும்பும்போது கால் வலி. ஒரு வளைவுல பாதை சுத்திக்கிட்டுப் போச்சு. நாங்க சுத்தாம நேரா சரிவுல இறங்கிட்டோம். ஏற்கெனவே யாரோ இறங்கின தடம் இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் மிச்சம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

போன அக்டோபர்ல அதே பூங்காவுல வாலண்டியர் கேம்ப்னு ஒரு அறிவிப்பு பார்த்தேன். மூணு நாள். ராத்திரி டென்ட், பகல்ல நடைபாதையைச் சரி பண்ற வேலை. முன் அனுபவம் தேவையில்லை. சேவை மனப்பான்மைல பேர் கொடுத்தேன்னு சொன்னா அது பொய். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சில வாரம் டெலிவரி பண்ண வர்றவரைத் தவிர ஒரு மனுஷன்கிட்ட நேர்ல பேசியிருக்க மாட்டேன். அதான் காரணம்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "மண்ணு வெட்டவாடா அமெரிக்கா போன? அதுக்கு இங்க தாத்தா வயலே இருந்துச்சே"ன்னாங்க.

மொத்தம் பதினாலு பேர் வந்திருந்தோம். டீம் லீடர் எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா. முதல் அரை மணி நேரம் பாதுகாப்புப் பாடம். கருவியைத் தோள்ல சாய்க்கக் கூடாது. பள்ளம் இருக்கிற பக்கத்துக் கையில பிடிச்சு நடக்கணும். வழுக்கினா கருவியைப் பள்ளத்துப் பக்கம் வீசிட்டு, நாம மேட்டுப் பக்கம் விழணும். எனக்குக் கிடைச்சது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடாலி, இன்னொரு பக்கம் மண்ணைக் கொத்துற அலகு.

முதல் நாள் நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். ஜிம் போற உடம்புன்னு ஒரு திமிர். மத்தவங்க ஓய்வு எடுத்தப்போவும் கொத்திக்கிட்டே இருந்தேன். காத்து வறண்டு இருந்ததால வேர்வை வந்த வேகத்துல காஞ்சுடுச்சு. அதனால வேர்க்கிறதே தெரியல. பதினோரு மணிக்குத் தலை சுத்துச்சு. அந்த அம்மா பார்த்துட்டாங்க. கருவியை வாங்கிக் கீழே வச்சுட்டு, நிழல்ல உட்கார வச்சு, தண்ணியும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தாங்க. "நீ விழுந்தா உன்னைத் தூக்க ஆறு பேர் வேலையை விடணும்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

சாயங்காலம்தான் வேலையோட சூட்சுமம் புரிஞ்சது. பாதையைக் கெடுக்கிறது கால்னு நான் நினைச்சிருந்தேன். கால் தொடங்கி வைக்கும், முடிக்கிறது தண்ணி. ஆயிரம் பேர் நடந்தா பாதை நடுவுல பள்ளமாகும். மழை பேஞ்சா தண்ணி அந்தப் பள்ளத்தைப் பிடிச்சு ஓடும், மண்ணை அரிக்கும். அடுத்து வர்றவங்க சேத்துக்குப் பயந்து ஓரமா நடப்பாங்க. செடி மிதிபடும், பாதை அகலமாகும், திரும்பவும் தண்ணி. அதனால பாதையைப் பள்ளத்துப் பக்கம் லேசாச் சாய்வா வெட்டணும். சில இடத்துல குறுக்கே மேடு கட்டித் தண்ணியை வெளியே தள்ளணும். தடுக்கக் கூடாது, வழி விடணும். தாத்தா வயல்ல மடை திருப்பினது இதேதான். அவர் கூப்பிட்டப்போ ஒரு நாள்கூட நான் போனதில்லை.

ரெண்டாம் நாள் ஒரு வளைவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பார்த்ததும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. நாங்க இறங்கின அதே சரிவு. அன்னைக்கு ஒரு அடித்தடமா இருந்தது, இப்போ முழங்கால் ஆழத்துக்கு ஓடை. கீழே பாதை மேல மண் சரிஞ்சு கிடந்துச்சு.

மதியம் வரைக்கும் வாய் திறக்கல. அப்புறம் அந்த அம்மாகிட்ட, "இதுல நானும் ஒரு தடவை இறங்கியிருக்கேன்"னு சொன்னேன். அவங்க ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. "அப்போ எங்கே நின்னு பார்த்தா இறங்கத் தோணும்னு உனக்குத் தெரியும். அங்கே போய் நில்லு. காஞ்ச கிளையை எங்கே போட்டா கண்ணுக்கு வழி தெரியாதுன்னு சொல்லு."

போய் நின்னேன். ஓடைல குறுக்கே கல் அடுக்கினோம், வர்ற மண்ணு தேங்கட்டும்னு. இறுகிப் போன தரையைக் கொத்தி விட்டோம், விதை பிடிக்கட்டும்னு. வாயை ஜூனிப்பர் கிளையால மூடினோம். ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிச்ச இடம். எட்டு பேருக்கு ஒரு முழு நாள் ஆச்சு.

ராத்திரி நெருப்பைச் சுத்தி உட்கார்ந்தப்போ ஒருத்தர் சொன்னார்: மேலிருந்து இறங்குற ரோட்டையே, 1933-ல பொருளாதார மந்தத்தப்போ அரசாங்கத் திட்டத்துல வேலைக்கு வந்தவங்கதான் போட்டாங்களாம். மாசக் கூலி 30 டாலர். அந்த ரோட்டுலதான் நான் பாட்டு கேட்டுக்கிட்டே கார்ல இறங்கி வந்தேன்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: உங்க பக்கத்துல இருக்கிற பூங்காவோட வாலண்டியர் பக்கத்தைப் பாருங்க. கருவியும் ஹெல்மெட்டும் அவங்க தருவாங்களான்னு கேட்டுக்கோங்க. கெட்டியான கையுறை, முழு நீள பேன்ட், ஏற்கெனவே போட்டுப் பழகின ஷூ வேணும். தண்ணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். மழை பேஞ்சு பாதையை மூடியிருந்தா, தாண்டிப் போகாதீங்க. ஈரக் களிமண்ல பதியற ஒவ்வொரு காலும் அடுத்த மழைக்கு ஒரு வாய்க்கால்.

மார்ச்ல திரும்பப் போனேன். அந்த வளைவுல ஒரு குடும்பம் எனக்கு முன்னாடி நடந்துச்சு. கிளைங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பாதையோட சுத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அது போதும்.

அப்புறம் அம்மாவுக்கு போன் பண்ணி, தாத்தாவோட மண்வெட்டி இன்னும் இருக்கான்னு கேட்டேன். இருக்காம். டிசம்பர்ல ஊருக்குப் போறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.