யாருக்கு வக்காலத்து?

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கடைக் கணக்கப்பிள்ளை, சரக்கு தரும் மொத்த வியாபாரியிடம் ரகசியமாகப் பணம் வாங்கினால், மறுநாள் அவரைக் கல்லாவில் உட்கார விடுவீர்களா? சட்டம் இயற்றுபவர்களை மட்டும் விட்டுவிடுகிறோமே, ஏன்?

முன்பு ஒரு கம்பெனி, தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்க முடியும். எந்தக் கட்சிக்கு என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் நீக்கியது. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் யாரென்று ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாது! இச்சட்டத்தைக் கொண்டு வந்த பா.ஜ.க.வே இதில் அதிகப் பணம் பெற்றது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டத்தை ரத்து செய்தது. பட்டியல் வெளிவந்தது. அதிகம் கொடுத்தவர் யார்? கோவையைச் சேர்ந்த லாட்டரி கம்பெனி பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்! அதில் பெரும்பங்கு பெற்றவை திரிணாமுல் காங்கிரசும், லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்ட நம் மாநிலத்தின் தி.மு.க.வும்.

வாங்கியவரெல்லாம் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் லாட்டரிப் பணத்தில் தேர்தலைச் சந்தித்தவர், லாட்டரி மசோதா வரும்போது யாருக்காகப் பேசுவார்?

இளைஞர்களே! ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "யாரிடம் வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அதை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.