மரத்தின் இரு பெயர்கள்

வன்னிப் பெருநிலம் மலைநாடன்று என்பதை நேயர்கள் அறிவர். குளமும் வயலும் காடும் விரிந்த அந்தச் சமநிலத்தில் ஆங்காங்கே சில பாறைக்குன்றுகளே தலைதூக்குகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒதியமலை என்றோர் ஊர் உண்டு. மரமும் மலையும் அதன் பெயரில் இணைந்து நிற்கின்றன. மாங்குளம், புளியங்குளம், கருவேலங்கண்டல் என்பனவும் மரப்பெயர் தாங்கிய ஊர்களே. தாவரவியலார் வருமுன்னரே மக்கள் எழுதிவைத்த தாவர ஏடு இவ்வூர்ப் பெயர்கள் எனலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. ஆகவே வன்னிக் காடு மாணாக்கரின் வாசலிலேயே அமைந்த கல்விக்கூடமாகும். அங்கே அவர்கள் கற்கத்தக்கவை யாவை?

முதலாவது, மரத்தை நோக்கல். முதிரை இலையை ஒளிக்கெதிரே பிடித்தால் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தோன்றும். அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அஃதொரு சான்று. பாலையின் பட்டையைக் கீறினால் பால் கசியும். மாரி ஓய்ந்து நெடுங்கோடை வருங்கால் முதிரை இலையுதிர்த்து நீரைக் காத்துக்கொள்ளும். பாலையோ தடித்த இலைகளுடன் பசுமை மாறாது நிற்கும். வறட்சி ஒன்றே, அதனை வெல்லும் வழி இரண்டு.

இரண்டாவது, பெயரைக் கேட்டல். தமிழகத்தில் பாலை என்னும் பெயர் வேறு மரங்களுக்கும் வழங்கும்; முதிரை என்றால் பயறு வகையும் பொருளாகும். ஆதலின் மனில்காரா ஹெக்சாண்ட்ரா என்னும் இலத்தீன் பெயர் இன்றியமையாதது. எனினும் அது மட்டும் போதாது. பழம் எப்போது கனியும், எந்த மரம் வளைக்கும் தூணுக்கும் ஏற்றது என்பவற்றை ஊராரே சொல்லல் வேண்டும். 1893இல் வெளிவரத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலில் ஹென்றி டிரிமென் தமிழ், சிங்களப் பெயர்களையும் சேர்த்தே பதித்தார்.

2009இல் முடிவுற்ற போரில் வன்னி ஊர்கள் வெறுமையாயின. மிதிவெடி அச்சம் காட்டுவழிகளை நெடுங்காலம் அடைத்தது. தந்தையுடன் காடு சென்று மகன் கற்ற தொடர்ச்சி பல குடும்பங்களில் அறுந்தது. முகாமில் வளர்ந்த பிள்ளை பாலைப்பழத்தைச் சந்தையிலே கண்டிருக்கலாம். மரத்தைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

எனவே, மாணாக்கர் அழுத்தி உலர்த்தும் ஒவ்வொரு கிளையின் சீட்டிலும் இடம், நாள், இலத்தீன் பெயர் என்பவற்றோடு, ஊரார் வழங்கும் பெயரும் அவர் கூறும் பயனும் எழுதப்படல் வேண்டும். கிளையை அடுத்த ஆண்டும் பறிக்கலாம். அதன் பெயர் சொல்லும் முதியவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.