யாரும் துரத்தாத ஓட்டம்



விடியற்காலையில் தோட்டத்துச் சடக்கில் ஒருவர் தனியாக ஓடிக்கொண்டிருந்தால், எதிரே வரும் பெரியவர் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "ஏம்பா, நாய் கீய் துரத்துதா?"

கிண்டலாகக் கேட்பதுதான். ஆனாலும் அந்தக் கிண்டலுக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. ஜொகூரின் ரெங்கம் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் நடந்ததும் ஓடியதும் இன்னொருவருடைய கடிகாரத்துக்காக. இருட்டோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நானூறு, ஐந்நூறு மரம் வெட்டியாக வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். அப்புறம் மரம் மரமாகப் பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளில் ஏற்றி, ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அப்படிக் கால் தேய்ந்தவருக்கு, ஏவுவார் யாருமில்லாமல், கூலியும் இல்லாமல் ஒருவர் வேர்க்க வேர்க்க ஓடுவது வேடிக்கையாகத்தானே தெரியும்?

அப்படி ஓடுகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பதக்கத்துக்காக ஓடாமல், வேலை, பிள்ளைகள், சமையல், கடன் எல்லாவற்றுக்கும் நடுவே வாரத்தில் மூன்று நாள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இவர்கள்.

ரெங்கம், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிறு பட்டணம். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதையில் அதுவும் ஒரு நிலையம். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. ஊர் சிறியதே தவிர பெயர் சிறியதல்ல. தீபகற்ப மலேசியாவின் மண் வரைபடத்தைப் புரட்டினால் பல மாநிலங்களில் 'ரெங்கம் மண்' என்று குறித்திருப்பார்கள். கருங்கல் பாறை காலப்போக்கில் சிதைந்து உண்டான, ஆழமான, தண்ணீர் தேங்காத மண் அது. ரப்பருக்கும் செம்பனைக்கும் ஏற்றது என்று வேளாண் துறையினர் நன்கு அறிந்த மண். நம் ஊரில் ஓடுகிறவர் மிதிப்பதும் அதைத்தான். இராத்திரி மழை பெய்தாலும் மேட்டுப் பாதைகள் காலையில் ஓடத் தோதாக இருக்கும்.

ஆனால் வானம் அவ்வளவு தோதாக இல்லை. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு பாகையில் இருக்கிறோம். விடியற்காலையில் சூடு குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்தோடும். இன்னொரு சங்கடமும் உண்டு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து நமக்குப் பொழுது புலர்வது ஏழு மணி வாக்கில்தான். ஆறு மணிக்கு ஓடுகிறவர் இருட்டில் ஓடுகிறார், வெளிச்சம் வரட்டும் என்று காத்திருப்பவர் வேலைக்குப் பிந்துகிறார். அதனால் நம் ஊர் ஓட்டக்காரருக்குச் சப்பாத்துக்கு அடுத்த முக்கியமான பொருள், செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிக்காரர் கண்ணில் படும்படி மின்னும் ஒரு மேலங்கி.

ஓட்டம் நமக்குப் புதிதல்ல. 1966-ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட அந்த ஆண்டில், இரண்டும் இவர்கள் இருவருக்கே போயின. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை, 49 ஆண்டுகள் பிடித்தன. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்து வாங்கிய தங்கம். நடையை இளப்பமாக நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் நாற்பத்தைந்து வயதில், இனிப்புநீர் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன மறுநாள் சப்பாத்து வாங்கப் போகிற ஒருவருக்கு 20.92 வினாடியால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது தன்னைப் போன்ற இன்னொருவரின் கதை.

ஓடி முடித்தவர்கள் பசியாற உட்காரும் கடையில் கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஒருவர், நேரே படுத்தால் தூக்கம் வராது, அரை மணி ஓடிக் குளித்தால்தான் கண் அசருகிறது என்பார். ஓர் அக்கா, ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் பார்வைக்குக் கூச்சப்பட்டு, மகளைச் சைக்கிளில் கூட வரச்சொல்லி ஓடியதைச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் சேர்ந்துகொண்ட பிறகு அந்தப் பார்வை தானே அடங்கிவிட்டது என்பார். பால்வெட்டில் காலம் கழித்த பெரியவர் ஓடவே மாட்டார், நடைதான். ஆனால் அவர் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் இளவட்டங்கள் மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்து மெரெந்தாஸ் டேசா ஓட்டத்தில் கடைசியாக வந்து, அன்றிலிருந்து ஓட்டமே வேண்டாம் என்றிருந்தவர்களும் அந்த மேசையில் இருப்பார்கள்.

இந்தக் கதைகளில் ஒன்று கவனித்தீர்களா? வீரர் கதை முடிகிற இடம் வெற்றிக்கோடு. சாதாரண ஓட்டக்காரர் கதையில் பாதி, நின்றுபோன இடங்கள். எந்த மேட்டில் மூச்சு திணறியது, எந்த வாரம் முழங்கால் வலித்தது, புகைமூட்டம் சூழ்ந்தபோது எத்தனை நாள் வீட்டில் இருந்தார், திரும்ப எப்படித் தொடங்கினார் என்பதெல்லாம் அதில் வரும். புதிதாக வருகிறவருக்கு வழி காட்டுவது இதுதான். தான் நின்ற அதே இடத்தில் இன்னொருவரும் நின்றிருக்கிறார் என்று தெரிந்தால், அது தோல்வியாகத் தோன்றாது.

பின்தங்குகிறவரைக் கைவிடாத ஓட்டம் ஒன்றும் உண்டு. லண்டனில் 2004 அக்டோபரில் ஒரு பூங்காவில் பதின்மூன்று பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். பார்க்ரன் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவி, மலேசியாவுக்கும் வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு தொண்டர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஓட வந்த யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. ரெங்கத்தில் இதைச் செய்ய அமைப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். பத்துப் பேர் கூடினால், அவர்களில் ஒருவர் முறை வைத்துப் பின்னால் நடந்தால் போதும்.

ஓடுவதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். காரணம் விளங்காமல் இல்லை. வேலை மாறிவிட்டது. காடு மேடு நடந்தவர்களின் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள், மேசையில் உட்கார்கிறார்கள், முக்குக் கடைக்கும் மோட்டாரில் போகிறார்கள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள். வேகமான நடையே இந்தக் கணக்கில் சேரும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இனிப்புநீர், இரத்த அழுத்தம், நெஞ்சுக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இனிப்புநீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் இனிப்பு ஒன்று வைத்திருங்கள், ஓடிவிட்டு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், தசைநாரும் மூட்டும் பழக மாதங்கள் ஆகும். புதிதாக வருகிறவர்களுக்குக் கால் வலி வருவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறதா? அந்த வேகமே சரியான வேகம். நாய் எதிரே வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள், அதன் கண்ணை முறைக்காமல் மெல்ல நடந்து விலகுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வாரம் ஓடிவிட்டோ நடந்துவிட்டோ வந்தால், அதை ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டிலோ கடையிலோ கோயிலிலோ, எங்கேயானாலும் சரி. எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், எந்த இடத்தில் முடியாமல் நின்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர் அடுத்த நாள் கிளம்புவதற்கு அது போதும்.