பனிக்கால மூட்டுவலி: மாத்திரைக்கு முன்னால் செய்யவேண்டியவை

(பள்ளிவாசல் கீழ்க்கூடத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நமது டிரஸ்ட்டின் பிசியோதெரபி பிரிவினர் நிகழ்த்திய உரை)





கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று மாறிவிடும். மார்கழியில் ஃபஜ்ருக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் எங்கள் அறைக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போய்வரும் பெண்கள், கடையில் நாள் முழுக்க நிற்கும் ஆண்கள், பேரப்பிள்ளையைத் தூக்க முடியவில்லையே என்று வருந்தும் நன்னிமார்கள் எல்லாரும் வருகிறார்கள்.

போன பனிக்காலத்தில் ஒரு மகள் தன் அத்தாவைக் கூட்டிவந்தார். அவருக்கு வயது 68. என்ன செய்கிறது என்று கேட்டோம். வலியைப் பற்றி அவர் பேசவில்லை. "முன் ஸஃப்புல நின்னவன், இப்ப பள்ளிக்கே போறதில்லம்மா" என்று மட்டும் சொன்னார். மகள் ஒரு பையைத் திறந்து காட்டினார். சுகருக்கு, பிரஷருக்கு என்று இருந்த மாத்திரைகளோடு வலி மாத்திரை அட்டைகளும் கிடந்தன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ஒன்றரை வருடமாகத் தினம் இரண்டு போட்டு வந்திருக்கிறார். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. முட்டியைத் தொடுவதற்கு முன் அவரை டாக்டரிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னோம். கிரியாட்டினின் கூடியிருந்தது. அந்த மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளுக்கு வேலை இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் போடலாம். ஆனால் சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் அதையே மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம், வயிற்றில் புண் வரலாம், பிரஷர் ஏறலாம். முட்டி வலிக்கு வேறு வழிகள் நிறைய உண்டு. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு வழிகள் குறைவு.

சரி, குளிரில் மூட்டு ஏன் இறுகுகிறது? குளிரில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் விறைக்கின்றன. இதைவிடப் பெரிய காரணம், பனி என்று நாம் அசையாமல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான். "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று சொல்கிறோமே, அந்தக் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அது பஞ்சு மாதிரி. அமுக்கி விடும்போதுதான் மூட்டுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி அது பசியாறுகிறது. நடந்தால், மடக்கி நீட்டினால் அதற்குச் சாப்பாடு. அசையாமல் கிடந்தால் பட்டினி. முட்டியைத் தாங்கும் தொடைத் தசையும் கிடக்கக் கிடக்க மெலிந்துபோகும். வலிக்கிறது என்று படுக்கிறோம், படுத்ததால் இன்னும் வலிக்கிறது.

ஆகவே காலையில் கண் விழித்ததும் சடாரென்று எழுந்துவிடாதீர்கள். போர்வைக்குள் இருந்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் இருபது தடவை அசையுங்கள். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முட்டியை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், பத்துத் தடவை. பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். உளூவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒத்தடம் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் தப்பும் இங்கேதான் நடக்கிறது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி பதினைந்து நிமிடம் வையுங்கள், போதும். தைலம் தேய்த்த இடத்தில் உடனே ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சுகர் உள்ள பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு அவர்களுக்குத் தெரியாது. உப்பு ஒத்தடத்தால் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, பாதத்தையே காப்பாற்ற ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறோம். சூட்டை வீட்டில் இன்னொருவர் தன் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் வெந்நீர் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "கரண்ட் வைப்பீங்களா?" என்றுதான். வைப்போம். மெழுகு ஒத்தடமும் உண்டு. விரல்கள் இறுகிப்போனவர்களுக்கு அது இதமாக இருக்கும். (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்குக் கரண்ட் வைக்க மாட்டோம்.) ஆனால் உண்மையைச் சொல்கிறோம். கரண்ட் தரும் சுகம் சில மணி நேரம். அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைக்கிறோம். பயிற்சியை விட்டுவிட்டுக் கரண்டுக்கு மட்டும் பத்து நாள் வந்தால், பதினோராம் நாள் வலி அப்படியே இருக்கும். எங்கள் வேலைக்கு நாங்களே கேடு சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குந்தி உட்கார்ந்து துணி துவைப்பது, தரை துடைப்பது, அரிவாள்மணையில் வெங்காயம் அரிவது ஆகிய மூன்றையும் வலி இருக்கும் காலத்திலாவது மேசைக்கும் நாற்காலிக்கும் மாற்றுங்கள். கழிப்பறையில் குந்த முடியாதவர்களுக்கு நாற்காலி ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் போடுவது மகன்மார்களின் வேலை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியின் மேல் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. கல்யாண வீட்டு நெய்ச்சோற்றை இரண்டாம் தடவை வாங்குவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். கைத்தடி பிடிப்பவர்கள் வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

நாற்காலியில் தொழுவது பற்றிக் கேட்கிறார்கள். முடியாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. யாருக்கு எந்த அளவுக்கு என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்வது உடம்பைப் பற்றி மட்டும். மிகத் தாழ்ந்த நாற்காலி முட்டிக்கு ஆகாது. உட்காரும்போது இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மூட்டுவலியும் தேய்மானம் அல்ல. தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இரண்டு கை விரல்களும் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். முப்பது நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். அதை ஒத்தடத்தில் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்காவிட்டால் விரல்கள் கோணிவிடும். காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து வீங்கினாலும், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். முட்டி புதிதாகிவிடவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். முதல் இரண்டு வாரம் பயிற்சி செய்தால் வலிக்கிறது என்று மகளிடம் சண்டை போட்டார். ஆறு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். தை மாதத்தில் ஒருநாள் ஃபஜ்ருக்கு வந்தார். ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுதார். சிறுநீரகத்துக்கு இன்னும் டாக்டரிடம் காட்டி வருகிறார்.

மஃரிப் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சுவரோரம் நாற்காலிகள் போட்டிருக்கிறோம். பெரியவர்கள் ஆளுக்கு ஒன்றில் உட்காருங்கள். மாடியில் எங்கள் சகோதரி சொல்லித் தருவார். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். முன்னால் சாய்ந்து மெதுவாக எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து தடவை மட்டும். எங்கே, ஆரம்பிக்கலாமா?