கொலுசும் கரை வேட்டியும்

(இராசிபுரத்துப் படிப்பகமொன்றில் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மேடைக்குத் துண்டுச் சீட்டு வருவது புதிதல்ல. "நேரமாகிவிட்டது, சுருக்கிக்கொள்க" என்று வரும். "பின்வரிசையில் ஒலிபெருக்கி கேட்கவில்லை" என்று வரும். "வெள்ளைக் கார் வழியை மறித்து நிற்கிறது" என்றும் வரும். இன்று வந்திருப்பதோ வேறு வகை. பெயர் இல்லை. 'ஒரு சகோதரி' என்று மட்டும் இருக்கிறது. எழுதியிருப்பது இது: "நான் பெண்ணுரிமை பேசுகிறேன். கொலுசும் அணிகிறேன், எனக்குப் பிடிக்கும். இரண்டும் பொருந்தாது, ஒன்றை விடு என்கிறார் என் கணவர். அவரும் நம் இயக்கத்தவர்தான். விடை வேண்டும்."

பேச எண்ணி வந்ததை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இந்தச் சீட்டுக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சு. ஏட்டில் இதைப் படிக்கும் தோழரே, உங்களையும் அந்தப் படிப்பகத்துப் பலகையிலே அமர்ந்திருப்பவராகக் கருதியே பேசுகிறேன், எழுந்து போய்விடாதீர்கள்.

சேலத்துச் சீமையில் வந்து கொலுசைப் பற்றிக் கேட்பது, கொல்லன் தெருவிலே வந்து ஊசியைப் பற்றிக் கேட்பது போல! செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள், சிவதாபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளியை உருக்குகிறார்கள், கம்பியாக இழுக்கிறார்கள், கம்பியை வளையமாக்கி, வளையத்தோடு வளையம் கோத்து, பற்றவைத்து, மணி சேர்த்து, மெருகேற்றி அனுப்புகிறார்கள். பட்டறை என்றால் பெரிய ஆலையல்ல. வீட்டுத் திண்ணை, வீட்டு முன்னறை. அங்கே குனிந்திருந்து வளையம் கோப்பவர்களிலே பெண்கள் எத்தனை பேர்! கோத்த கணக்குக்குக் கூலி. இந்தியாவின் எந்த மூலையிலோ ஒரு பெண்ணின் காலில் கலகலக்கும் ஒலி, சேலத்துப் பெண்ணொருத்தியின் முதுகுவலியிலே பிறந்தது.

கொள்கை என்ன சொல்கிறது? நகையைக் கழற்றுங்கள், கூந்தலைக் கத்தரியுங்கள், ஆண்களைப்போல் எளிதாக உடுத்துங்கள் என்று பெண்களைப் பார்த்துப் பெரியார் ஊர்தோறும் பேசினார். பெண்ணை அலங்காரப் பொம்மையாக்கி வைத்ததும் அடிமைத்தனத்தின் ஒரு வகையே என்றார். அதிலிருந்து ஓரடிகூடப் பின்வாங்க நான் வரவில்லை. மருமகள் எங்கே நிற்கிறாள், எங்கே நடக்கிறாள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு அறிவிக்கும் மணியாகவும் கொலுசு பயன்பட்டதுண்டு. கன்றுக்குக் கழுத்திலே, பெண்ணுக்குக் காலிலே!

இத்தனையும் தெரிந்தும், தோழர்களே, அந்த ஒலி எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. அணிந்திருக்கும் சகோதரிக்கும் இனிக்கிறது. கொள்கைக்குக் காது இல்லை, நமக்கு இருக்கிறது. ஆகவே இங்கே முரண்பாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போவோம்: இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யார்? கணவர்! கொள்கைக் கணக்கை எடுத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டார். மகிழ்ச்சி. இனி அவர் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாமா?

அவர் இடுப்பிலே இருப்பது என்ன? கரை வேட்டி. பால் நிறம், கஞ்சியின் விறைப்பு, மடிப்பிலே கத்தி முனை! மேடையேறும்போது அவருடைய நடைக்கு மிடுக்கு வருவது பாதி அந்த வேட்டியால். அந்த வெள்ளையை வெளுத்தது யார்? வெற்றிலைக் கறையைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கியது எந்தக் கை? அளவாக நீலம் கலந்து, கஞ்சி வடித்து, காய்ந்ததை எடுத்து மடித்து வைத்தது யார்? வேட்டி அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையின் விலை அவள் விரல் நகத்திலே. கொலுசாவது ஒலிக்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. வேட்டியோ வாய் திறப்பதில்லை!

கூட்டம் முடிகிறது. 'பெண்ணடிமை ஒழிக' என்று முழங்கிவிட்டு இரவு 11 மணிக்கு வீடு திரும்புகிறார். கதவு திறக்கிறது. "ஏனுங்க, மாவு இருக்குது, தோசை ஊத்தட்டுங்களா?" என்கிறாள். நாள் முழுதும் தறியிலோ, கோழிப்பண்ணையிலோ, வீட்டுக்குள்ளேயோ உழைத்தவள். முறுகலாக ஒன்று, அடுத்து இன்னொன்று. சுடச்சுட வரும் தோசைக்கு இணையான சுவை உலகத்தில் ஏது? எவனும் மறுக்கமாட்டான். ஆனால் சூடு வேண்டுமானால், ஒருவர் உண்ணும்போது இன்னொருவர் அடுப்படியில் நின்றாக வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதை எந்தச் செயற்குழு தீர்மானித்தது?

நடுவண் அரசு 2019-இல் மக்களின் நேரக் கணக்கை எடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அப்போது நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் அதற்குச் செலவிட்டாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். 'ஈடுபடும் ஆண்' என்பதைக் கவனியுங்கள். ஆறு வயது முதல் எண்ணிப் பார்த்ததிலே, 100 பெண்களில் 81 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். 100 ஆண்களில் 26 பேர். மீதி 74 பேர் எங்கே? சிலர் படிப்பகத்திலே!

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். கைதட்டலுக்குப் பஞ்சமா? மனைவிக்கு அஞ்சும் கணவனை ஒரு காட்சியில் நுழைத்தால் போதும். மாமியாரை ஒரு முறை முழங்க வைத்தால் போதும். கொட்டகை அதிரும். சிரிப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள். சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பைத் திரும்ப விழுங்க முடியாது.

திரையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் சேலத்திலே நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து 1950-இல் 'மந்திரி குமாரி' வந்தது. உரையாடல் கலைஞர் மு. கருணாநிதி. குண்டலகேசிக் கதையின் சாயல்: கொல்ல அழைத்துப்போன கணவனை மனைவியே மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுகிறாள். கொட்டகை ஆரவாரித்தது. பத்தினி என்றால் பணிவு என்றே கேட்டுப் பழகிய நாட்டிலே, கணவனைத் தள்ளியவளுக்குக் கைதட்டல்! ஆனால் அதே நாட்டிலேதான் 1963-இல் 'அறிவாளி', 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா', 1992-இல் 'மன்னன்' என்று, திமிர்பிடித்தவள் எனப்பட்ட பெண்ணை ஆண் அடக்கும் கதைகளுக்கும் விசில் பறந்தது. தொழிற்சாலைக்கு முதலாளியாயிருந்தவள் கடைசியில் அடுப்படிக்குத் திரும்பினால் படம் சுபம்! 1972-இல் கணவனுக்கு அடங்கிய பட்டணத்துப் பெண்ணாக நடித்தவர் 1991-இல் முதலமைச்சரானார். விசிலடித்தவர்களில் எத்தனை பேர் அவர்முன் கைகட்டி நின்றார்களோ! அப்படங்களைப் பார்க்காதீர் என்று நான் சொல்லப்போவதில்லை. தொலைக்காட்சியில் வந்தால் நானும் எழுந்து போவதில்லை. எந்த இடத்தில் நம் கை தட்டுகிறது என்று கையைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும்.

சிரிப்பும் விசிலும் போகட்டும். முட்டைக்கு வருகிறேன். நாமக்கல்லிலே நின்று முட்டையைப் பற்றிப் பேசாவிட்டால் ஊர் பொறுக்காது! 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. பள்ளித் தட்டிலே ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று. அரசாங்கத்தின் தட்டுக்குப் பால் வேற்றுமை தெரியாது. வீட்டுத் தட்டுக்குத் தெரிகிறது. இரண்டே முட்டை இருக்கும் நாளில் யாருக்கு எது? தகப்பனுக்கு ஒன்று, "வளர்ற பையன்" என்று மகனுக்கு ஒன்று. மகள் வளரவில்லையா? பரிமாறுகிறவள் தாய், தன் தட்டைப் பற்றி அவள் நினைப்பதேயில்லை. சிறிய செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தமிழகத்தில் எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கியது? சேலம்! பிறந்த பெண்மகவைக் கொல்லாதீர், தொட்டிலில் போட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்று கெஞ்ச வேண்டிய நிலை நம் மண்ணிலே இருந்தது. இயக்கத்தின் வரலாற்றிலே 1944 மாநாட்டுக்காகப் பெயர் பெற்ற அதே சேலம்! முட்டைக்கும் தொட்டிலுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை, தோழர்களே. மகள் என்றால் செலவு என்ற ஒரே கணக்குத்தான் இரண்டிடத்திலும் எழுதப்படுகிறது.

கணக்கு என்றதும், எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒரு தாளைச் சொல்லிவிடுகிறேன். 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டிலே பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதைக்காரர் தீர்மானம் போட்டார்கள். 60 ஆண்டுகள் சென்று, 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. மார்தட்டிக்கொள்ள வேண்டிய வரலாறு, தட்டிக்கொள்கிறோம். தட்டிக்கொண்ட கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறோம், அக்காளை, தங்கையை அழைத்துக்கொண்டு! அங்கே அவர்கள் கையெழுத்திட வேண்டிய தாளுக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! பெண் விடுதலை என்று நாம் மேடையில் கேட்டது ஒன்று. பெண்ணிடமிருந்து சொத்துக்கு விடுதலை என்று அங்கே எழுதி வாங்குவது வேறொன்று. "சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, மாமன் முறைக்கு என்றும் குறைவைக்கமாட்டோம்" என்கிறோம். அவளும் மனமுவந்தே கையெழுத்திடுகிறாள். பிறந்த வீட்டு வாசல் நாளைக்கும் திறந்திருக்க வேண்டுமே! 1989-ஐ மேடையில் பாராட்டியவரும், பத்திரத்தை மடித்துப் பையில் வைப்பவரும் ஒருவராகவே இருப்பதைக் காண்கிறோம். கொலுசின் முரண்பாட்டைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரிவதில்லை.

"நாமென்ன செய்ய, பழக்கம்!" என்பீர்கள். ஆம், பழக்கம் வலிது. எவ்வளவு வலிது என்பதற்குச் சான்று காட்டக் காவிரிக்கு அப்பால், ஈரோட்டுக்குப் போக வேண்டும்.

1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன் மறியலுக்கு நின்றவர் நாகம்மையார். உடன் நின்றவர் கண்ணம்மாள். 1924-இல் வைக்கத்தில் கணவர் சிறைப்பட்ட பின்னும் போராட்டக் களத்தில் நின்றவர் நாகம்மையார். வீட்டுக்கு வந்த இயக்கத்தவருக்கெல்லாம் இலை போட்டவரும் அவரே. 1933 மே 11-இல் அவர் மறைந்தார். சில நாட்களில் 'குடிஅரசு' ஏட்டிலே பெரியார் எழுதிய இரங்கலுரை வந்தது. தேடிப் படியுங்கள். துணைவியின் பெருமையைப் பாடி முடித்திருக்கலாம், ஊர் மெச்சியிருக்கும். அவர் எழுதியது வேறு. நாகம்மையைத் தம் வாழ்க்கைக்கும் வசதிக்கும் துணையாகத் தாம் கொண்டிருந்தாரேயன்றி, அவருக்குத் தாம் துணையாக இருந்தாரா என்பது தமக்கே ஐயம் என்று எழுதினார். பெண்ணுரிமை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது தம் வீட்டில் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்கு முழுத் தகுதியில்லை என்றும் எழுதினார். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று கட்டுரை தீட்டிய கை அது! தம் ஏட்டிலேயே, எதிரிகளும் படிக்கும் ஏட்டிலேயே, அச்சிட்டுக் கொடுத்தார். அவருக்கே அந்த நிலையென்றால், நம்முடைய கரை வேட்டிக்கு எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்று பாருங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அந்தச் சொற்களைக் கேட்க வேண்டியவர் அப்போது உயிரோடில்லை.

இனி, சீட்டு அனுப்பிய சகோதரிக்கு.

தங்கையே, கொலுசு உங்கள் காலில் இருக்கிறது. அதன் பாரம் உங்கள் காலுக்கு. அதன் ஒலி உங்கள் காதுக்கு. வேண்டுமானால் கழற்றுங்கள், வேண்டாமானால் விடுங்கள். யார் கேட்டாலும் உங்கள் விருப்பம் என்று சொல்லுங்கள். ஒருவர் தாமே விலை கொடுத்து அடையும் இன்பத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. இன்பம் ஒருவருக்கு, விலை வேறொருவருக்கு என்று வரும் இடத்திலேதான் என் வழக்கு. அந்த வழக்கு பெண்களையும் விடாது. அந்தக் கொலுசைக் கோத்தவளின் கூலி பேசப்படும் நாளில் அவள் பக்கம் நில்லுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு வரும் மருமகளிடம், "வெள்ளி எவ்வளவு, தங்கம் எத்தனை பவுன்" என்று கேட்டால், அன்று கொலுசு வேறு பொருளாகிவிடும். இரண்டு முட்டை இருக்கும் நாளில் மகளின் தட்டும் உங்கள் கண்ணில் பட வேண்டும். உங்கள் தட்டும்.

கணவருக்கு ஒரு செய்தி உண்டு. அதைத் தோழர்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். வேட்டி வெளுக்கத் தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். முதல் நாள் இரவே சோப்பு நீரில் ஊறப்போடுங்கள். கரையில் அழுத்தித் தேய்க்காதீர்கள், சாயம் போகும். நான்கு சொட்டு நீலத்தை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்குங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நீர் விளாவிப் போடுங்கள். சோறு வடிக்கத் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஆறு நாள் இருக்கிறது.