கடலின் உப்புக் கணக்கு

கடல்நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று குழந்தை கேட்டால், ஆறுகள் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று விடை கூறிவிடுகிறோம். விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறைகளை அரித்து, அவற்றின் தாதுக்களை ஆற்றிலே சேர்க்கிறது. ஆற்றுநீரை நன்னீர் என்கிறோம். அது நாக்கின் தீர்ப்பேயன்றி ரசாயன அறிஞரின் தீர்ப்பன்று. அதிலும் உப்புகள் உண்டு. கடலை அடைந்த நீர் ஆவியாகி மேலே செல்கிறது, உப்போ தங்கிவிடுகிறது.

அவ்வாறாயின் உப்பைக் கொண்டே கடலின் வயதைக் கணிக்கலாமே என்று 1715-இல் எழுதினார் எட்மண்ட் ஹாலி. வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். 1899-இல் அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி, கடலிலுள்ள சோடியத்தை ஆறுகள் ஆண்டுதோறும் கொணரும் சோடியத்தால் வகுத்து, 8 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள் என விடை கண்டார். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள்! வகுத்தலில் பெரும்பிழை இல்லை. கடலுக்கு வரவு மட்டுமே உண்டு, செலவே இல்லை என்று கொண்டதுதான் பிழை.

செலவைச் சற்றுப் பார்ப்போம். ஆறுகள் மிகுதியாகக் கொணர்வது நாம் உண்ணும் உப்பன்று, சுண்ணாம்புச் சத்து. சங்கும் சிப்பியும் பவளப் பூச்சியும் அதை வாங்கித் தம் ஓடாக்கிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் அது கடலடியில் படிகிறது. சோடியத்தை அவ்வாறு விரும்பி வாங்குவார் இலர். களிமண்ணிலும், கடல் வற்றிய இடங்களின் உப்புப் படிவுகளிலும் அது மெல்ல மெல்லவே ஒதுங்குகிறது. ஆகவேதான் கடலில் அதன் கை ஓங்கியுள்ளது. அதனுடன் கூடி உப்பாகும் குளோரினோ பெரும்பாலும் பண்டை எரிமலைகள் உமிழ்ந்தது. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகள் காணப்பட்டன. அங்கே சுடுபாறை, நீரிலுள்ள மக்னீசியத்தைப் பறித்துக்கொண்டு வேறு தாதுக்களை அளிக்கிறது. ஜோலியின் ஏட்டில் இதற்குப் பத்தியே இல்லை.

ஒரு கிலோ கடல்நீரில் உப்பு சராசரியாக 35 கிராம். நம் நாட்டின் இரு கரைகளிலும் இது ஒன்றாயில்லை. ஆவி மிகுதியாகும் அரபிக் கடல் சராசரியை மிஞ்சுகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் பாயும் வங்கக் கடலின் வடபகுதி மிகக் குறைகிறது. அங்கே உப்புக் குறைந்த இலேசான நீர் மேலே மிதந்து, கீழுள்ள குளிர்ந்த நீருடன் எளிதில் கலப்பதில்லை. புயல் வீசி நீரைக் கலக்கும்போதும் மேற்பரப்பு அவ்வளவாகக் குளிர்வதில்லை. அந்த வெப்பமே புயலுக்கு உணவாகிறது.